திருநீறு போட்டுத் தேய்த்த கிரேக்கக் காசு

பதினெட்டு வருடமாக ஜரிகை டெஸ்டிங் செய்கிறேன். பட்டுப்புடவையை மெஷினில் வைத்தால் ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று காட்டிவிடும். கொலுசு, குத்துவிளக்கு என்று வெள்ளிச் சாமான்களும் வரும். என் கைக்கு வந்த வெள்ளி கறுப்பாகத் திரும்பிப் போனதில்லை. திருநீறு தொட்டுத் தேய்த்து, பளபளவென்று கொடுத்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

ஒருநாள் ரிட்டயரான தாவரவியல் புரொபசர் ஒருவர் பஞ்சில் சுற்றி ஒரு காசு கொண்டுவந்தார். ஒரே கறுப்பு. ஒரு பக்கம் மட்டும் தண்டு போல ஏதோ மேடாகத் தெரிந்தது.

"கிரேக்கர் காசும்மா. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல பழசு. என் ஸ்டூடண்ட்ஸ் ஒண்ணு சேந்து ஏலத்துல எடுத்துக் குடுத்தாங்க. நெஜ வெள்ளியான்னு பாத்துச் சொல்லுங்க."

"இது இன்னா சார், செடியா?"

"மருந்துச் செடிமா. இருமல், காய்ச்சல், எல்லாத்துக்கும் அதான். வெள்ளிக்குச் சமமா வித்ததாம். அப்புறம் காணாமயே போயிடுச்சு."

மெஷின் நல்ல வெள்ளி என்றது. அவர் டீ குடிக்கப் போயிருந்தார். இவ்வளவு பெரிய மனிதருக்கு இப்படி அழுக்காகவா கொடுப்பது? திருநீறை எடுத்தேன். தேய்க்கத் தேய்க்கத் தண்டு, இலை, உச்சியில் பூங்கொத்து எல்லாம் தெரிந்தன. எனக்கு ஒரே சந்தோஷம்.

திரும்பி வந்தவர் காசைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தக் கறுப்புதாம்மா அதோட வயசு. பழங்காசுல அதைப் போய் யாரும் தேய்க்க மாட்டாங்க, மதிப்பே போயிடும். இனிமே வராது."

"நல்லது செய்றேன்னு நெனச்சிக்கினு..." அழுதுவிட்டேன்.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். "இன்னாமா பண்ணி வெச்ச?"

கஸ்டமர் பொருளைக் கெடுத்தால் அன்றோடு வேலை போகும். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் போனார். என் சம்பளத்தை நம்பித்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது.

புரொபசர் எழுந்து நின்றார். "ஒண்ணுமில்லீங்க. செடி சரியா தெரியல. நான்தான் தேய்க்கச் சொன்னேன்."

முதலாளி உள்ளே போனதும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ஆசையா பறிச்சுப் பறிச்சுதான் அந்தச் செடிய ஒழிச்சாங்க. நீங்களும் ஆசையாதான் தேச்சீங்க. அழாதீங்கம்மா."

காசைப் பஞ்சில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இன்று யார் வெள்ளி கொடுத்தாலும் "தொடச்சித் தரட்டுமா?" என்று கேட்ட பிறகுதான் தொடுகிறேன். நான் கற்றது அவ்வளவுதான். ஆனால் நஷ்டம் முழுக்க அவருடையதாக இருக்க, என் பிழைப்புக்காகப் பொய் சொன்ன மனிதர் அவர். இதைப் படித்துத்தான் முதலாளிக்கே உண்மை தெரியப்போகிறது. தெரியட்டும். நன்றியை எத்தனை நாள்தான் மறைத்து வைப்பது?