சந்தாபுராவில் நாங்கள் பார்த்த குதிரை

பத்மஜா போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது வைட்ஃபீல்ட் ரோட்டு நெரிசலில் வாடகைக் காரில் மாட்டிக்கொண்டிருந்தேன். நம்பாமல் அவள் வீட்டுக்குப் போன் செய்தேன். அண்ணன் எடுத்தார். "ஆமாம்மா, காலையிலதான் உயிர் போச்சு" என்றார்.

குதிரைகளின் மரபணுவைப் படித்து அவற்றின் முன்னோரைத் தேடுவதுதான் நானும் பத்மஜாவும் சேர்ந்திருந்த ஆய்வுக்கூடத்தின் வேலை. இன்றைய வீட்டுக் குதிரைகளுக்குத் தாய்வழிகள் ஏராளம். தந்தைவழிகள் மிகக் குறைவு. "பாட்டிங்க ஊர்ப்பட்ட பேரு, தாத்தாவை விரல்ல எண்ணிடலாம். என்ன குடும்பம்டீ இது!" என்று அவள் கேலி செய்வது, எங்களோடு வேலை செய்தவர்களுக்கு நினைவிருக்கும்.

சந்தாபுராவிலிருந்து ஒரு கால்நடை மருத்துவர், குதிரையினுடையது என்று வால்முடி அனுப்பியிருந்தார். முதல் சோதனையில் தாய்வழி சாதாரணமாக இருந்தது. தந்தைவழியோ எந்தக் குதிரையிலும் காணாதது! இயக்குநர் பத்திரிகையாளர்களை அழைக்கச் சொல்லிவிட்டார். பத்மஜாவின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிய இருந்தது. இது வெளியானால் வேலை நிரந்தரம் என்று அவரே சொன்னார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவளுக்கு மட்டும் முகம் தெளியவில்லை. "இவ்வளவு நல்லா வந்தா பயமா இருக்குடீ. அந்தக் குதிரையை ஒரு தடவை கண்ணால பாத்துடலாம், வா" என்றாள்.

பஸ் பிடித்துப் போனோம். செங்கல் சூளையில் நின்ற பிராணியின் நீண்ட காதுகளைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அது கோவேறு கழுதை. தாய் குதிரை, தகப்பன் கழுதை. "இதுக்கும் தாயி குதுரைதானே மேடம்? அதான் முடி குடுத்தேன்" என்றார் சூளைக்காரர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"முழு மரபணுவும் படிக்கறப்போ தானா தெரிஞ்சிடும். உன் ஆர்டர் கைக்கு வர்ற வரைக்கும் பேசாம இரேன்" என்று வழியெல்லாம் கெஞ்சினேன்.

"கழுதை மேல ஏறி பர்மனென்ட் ஆகச் சொல்றியா?" என்றாள்.

மறுநாளே இயக்குநரிடம் சொன்னாள். பத்திரிகையாளர் கூட்டம் ரத்தானது. அவள் ஒப்பந்தமும் நீளவில்லை. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில், பிடிக்காத வேலையைக் கடைசிவரை பார்த்தாள். அந்த அநியாயம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவள் வருத்தப்படவே இல்லை என்று எழுதினால் பொய். "குதிரைங்க ஞாபகம் வருதுடீ" என்று போனில் சொல்வாள். "ஆனா சொன்னது தப்புன்னு தோணல" என்பாள்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, முடிவு ரொம்ப நன்றாக வந்தால் வரும் அந்தப் பயம்தான். போன வாரம் என் ஆய்வில் நான் ஆசைப்பட்ட முடிவே வந்தது. எல்லோரும் கைகுலுக்கினார்கள். என் சந்தோஷத்தைக் கெடுக்க ஆள் இல்லையே என்று தனியே போய் அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு, அந்த ஆய்வு மாதிரியை முதலிலிருந்து மறுபடி சோதிக்க எடுத்தேன்.