பச்சைப் புள்ளி போட்ட மட்டன் மசாலா

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஒரு மளிகைக் கடையில், வாழ்க்கையில் முதல் தடவையாக மட்டன் மசாலா பாக்கெட் வாங்கினேன். நாங்கள் இருக்கும் திண்டிவனத்தில் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே எந்தக் கடையில் வாங்கினாலும், நான் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும். பாக்கெட்டில் ஆட்டின் படம் இருந்தது. மூலையில், சைவம் என்பதற்கான பச்சைப் புள்ளியும் இருந்தது. கண்ணாடியைப் போட்டு அந்தப் புள்ளியை மறுபடியும் பார்த்துக்கொண்டேன். அப்படியும் பாக்கெட்டைப் பையின் அடியில் திணித்து, மேலே கொத்தமல்லிக் கட்டை வைத்து மூடினேன். பஸ்ஸில் தெரிந்தவர்கள் யாராவது ஏறி, பையில் என்ன என்று கேட்டுவிடுவார்களோ என்று திண்டிவனம் வரும் வரை பையை மடியை விட்டு இறக்கவில்லை.

நாங்கள் தமிழ்ச் சமணர்கள். என் பிறந்த வீடு மேல்சித்தாமூர் பக்கம். கறி, மீன், முட்டை எங்கள் வீட்டுக்குள் வராது என்பது ஊருக்கே தெரியும். உருளைக்கிழங்குகூட வராது என்பது பக்கத்து வீட்டுக்குத் தெரியும். வெங்காயத்தில் கொஞ்சம் தளர்ந்துவிட்டோம் என்பது எங்களுக்கு மட்டும் தெரியும். இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த என் ஒரே மகள், விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கும்போது, கூட வேலை பார்த்த பையனை விரும்பினாள். கத்தோலிக்கக் குடும்பம். வளவனூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து விழுப்புரத்துக்கு வந்தவர்கள். பையனின் அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், அம்மா ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவர். எங்கள் சொந்தக்காரர்கள் பேசியதை எல்லாம் எழுதினால் பேப்பர் தாங்காது. நானும் என் வீட்டுக்காரரும் அழுது, சண்டை போட்டு, கடைசியில் மகள் முகத்தைப் பார்த்துச் சரி என்றோம்.

பாக்கி இருந்தது பையனின் அம்மா. அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வருவதாக முடிவானது. முதல் தடவை என்பதால் பெரியவர்கள் இரண்டு பேர் மட்டும்.

அந்த வாரம் மகள் என்னிடம் மெல்ல ஒரு விஷயத்தைச் சொன்னாள்.

"அம்மா, அவரோட அம்மா சின்னப் புள்ளையா இருக்கும்போது ஒரு வீட்ல களை எடுக்கப் போயிருக்காங்க. தண்ணி கேட்டதுக்கு டம்ளர் குடுக்காம கையில ஊத்துனாங்களாம். சைவக்காரங்க வீடாம். இன்னும் அத சொல்லிக்கினு இருக்காங்களாம்."

"நம்ம வீடு அப்படியாடி?"

"இல்லதான். ஆனா அவங்க மனசு நோவுற மாதிரி எதனா ஆச்சுன்னா, இந்தக் கல்யாணம் வேணாம்மா. நானே வேணாம்னுடுவேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். என் பிடிவாதம் அப்படியே அவளுக்கு.

அன்றிலிருந்து விருந்துக்கு என்ன சமைப்பது என்பதே யோசனை. சாம்பார், கூட்டு, பொரியல், வடை, பாயசம் என்று இலை நிறைய வைக்கலாம். ஆனால் கறி போடுவதுதான் விருந்தாளிக்கு மரியாதை என்று வாழ்கிறவர்களுக்கு அந்த இலை எப்படித் தெரியும்? நாங்கள் சாப்பிட மாட்டோம் என்பது அவர்களுக்குத் தெரியும்தான். தெரிந்திருப்பது வேறு, பீன்ஸ் பொரியலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வேறு. 'நாங்க தின்றது உங்களுக்கு அசிங்கமா?' என்று அந்த அம்மா மனதுக்குள் கேட்டுவிட்டால், என் மகளின் வாழ்க்கை அந்த இலையோடு மடங்கிவிடும்.

அப்போதுதான் பலாக்காய் யோசனை வந்தது. மார்ச் மாதம், பண்ருட்டிப் பலாப்பிஞ்சு விழுப்புரம் மார்க்கெட்டில் குவிந்து கிடந்தது. அதைச் சரியாகச் சமைத்தால் நார் நாராகக் கறி மாதிரியே இருக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறேன். கறியே போட முடியாவிட்டாலும், கறிக்குழம்பின் வாசனையையாவது அவர்கள் இலையில் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். மசாலா பாக்கெட் வாங்கப் போனது அதற்குத்தான்.

ஞாயிறு காலை கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாக்காயை நறுக்கினேன். துண்டுகளை எண்ணெயில் சிவக்கப் பொரித்தேன். நடுத்தண்டை எறியாமல் துண்டோடு விட்டேன், எலும்பு மாதிரி கடிக்க ஏதாவது இருக்கட்டும் என்று. சோம்பும் பட்டையும் தேங்காயும் அரைத்து ஊற்றி, அந்த மசாலாவையும் போட்டுக் கொதிக்க விட்டேன். வாசனை கிளம்பியது பாருங்கள், நானே பின்னால் நகர்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னாடி இது, பிரியாணிக் கடை வாசல்ல நிக்கிற மாதிரி இருக்குது. வீட்டுப் பத்திரத்த கடைக்காரனுக்கு மாத்தி எழுதிக் குடுத்துட்டியா?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்களுக்குள் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. உயிருள்ள கோழி வேண்டாமென்று மாவில் கோழி செய்து பலி கொடுத்தாலும், அதுவும் கொலைதான். கை எதை வெட்டியது என்பது கணக்கில்லை, மனசு எதை வெட்டியது என்பதுதான் கணக்கு. நான் காலையிலிருந்து வெட்டியது என்ன? எலும்பு மாதிரி இருக்கட்டும் என்று நினைத்தேனே, அது என்ன? ஒரு பக்கம் அந்த அம்மாவுக்குப் பயம், இன்னொரு பக்கம் அந்தக் கணக்குக்குப் பயம். குழம்பைக் கொட்டிவிடலாமா என்று பாத்திரத்தைப் பிடித்தபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

அந்த அம்மா ஒல்லியாக, நிமிர்ந்து நடந்து வந்தார். கழுத்தில் சின்னச் சிலுவை. அதிகம் பேசவில்லை. அவர் கணவர்தான் ரயில், வெயில், பஸ் நெரிசல் என்று பேசி இடைவெளியை நிரப்பினார். தண்ணீர் கொடுக்க வேண்டும். முந்தின நாளே புது டம்ளர்களை எடுத்துக் கழுவி வைத்திருந்தேன். அப்புறம்தான் உறைத்தது, புது டம்ளர் என்றால் தனி டம்ளர் என்று அர்த்தமாகிவிடாதா? அவசரமாக அவற்றை உள்ளே தள்ளிவிட்டு நாங்கள் தினமும் குடிக்கும் பழைய டம்ளர்களை எடுத்தேன். அதில் ஒன்று ஒடுங்கியிருந்தது. எது யார் கைக்குப் போகும் என்று பார்த்தால், ஒடுங்கியது சரியாக அந்த அம்மா கைக்கே போனது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வாய் வைத்துக் குடித்தார்.

இலை போட்டோம். எங்கள் பக்கத்தில் விருந்தாளி சாப்பிட்ட பிறகுதான் வீட்டுக்காரர்கள் உட்காருவது. மகள் அடுப்படியில் அப்பளம் பொரிக்க, நானும் வீட்டுக்காரரும் பரிமாறினோம். இரண்டு பேரும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு சாப்பிடத் தொடங்கினார்கள். பருப்பு, கூட்டு எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு அந்தக் குழம்புப் பாத்திரத்தைக் கொண்டுவந்தேன். பலாக்காய் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், இத்தனை ஆர்ப்பாட்டமும் ஒரு காய்க்குத்தானா என்று ஆகிவிடுமே.

"உங்களுக்காகத் தனியா செஞ்சதுங்க," என்று மட்டும் சொன்னேன்.

வாசனை அடித்ததும் அந்த அம்மாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது. அவர் கணவர் அவரைப் பார்த்தார். பிறகு தன் இலைமேல் கையைக் குறுக்கே வைத்தார்.

"எனக்கு வேணாங்க. வயிறு சரியில்ல."

சற்று முன்தான் இரண்டாவது வடை கேட்டு வாங்கிய வயிறு அது. முடிந்தது என்று நினைத்தேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். கறிக்குப் பதில் கறி மாதிரி எதையோ போட்டு அவமானப்படுத்துகிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

அந்த அம்மா அவசரமாக, "எனக்குப் போடுங்கம்மா," என்றார்.

போட்டேன். அவர் மென்று சாப்பிடவே இல்லை. ஒவ்வொரு துண்டாக வாயில் வைத்து, உடனே தண்ணீரைக் குடித்து விழுங்கினார். நெற்றியில் வேர்வை அரும்பியது. காரம் அதிகமோ என்று கேட்டேன், தலையை மட்டும் ஆட்டினார். இலையில் ஒரு துண்டும் மிச்சம் வைக்கவில்லை. என் வாழ்க்கையில் யாரும் எதையும் அவ்வளவு பயத்தோடு சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஏன் என்று எனக்குப் புரியவும் இல்லை.

கை கழுவிவிட்டு வந்தவர், ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்ததும், நேராக என்னிடம் அடுப்படி வாசலுக்கு வந்தார். மகளைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டு என் கையைப் பிடித்தார்.

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க? எங்களுக்காக உங்க அடுப்புல கறிய ஏத்திட்டீங்களே. உங்க சாமி உங்கள சும்மா வுடுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"எங்களுக்கு இப்ப தவக்காலம்மா. ஈஸ்டர் வரைக்கும் கறி மீனு தொடறதில்ல. எம் புள்ள கல்யாணம் சண்டை சச்சரவு இல்லாம நடக்கணும்னு வேண்டிக்கினு இருக்கேன். உங்க வூட்டுக்கு வர்றதுக்கே இந்த மாசத்தத்தான் பாத்து வெச்சேன். எப்படியும் நாங்க கறி தின்னாத மாசம், நீங்க கறி போடலியேன்னு தவிக்க வேணாம் பாருங்க. இவரு வேணாம்னுட்டாரு. நீங்க உங்க மொறைய ஒடைச்சி செஞ்சத நானும் வேணாம்னா உங்க மொகம் இன்னா ஆவும்? அதான் முழுங்கிட்டேன்."

மூலையில் இருந்த கூடையை இழுத்துக் காட்டினேன். மிச்சமிருந்த பாதிப் பலாக்காய், வெட்டிய இடத்தில் பால் பிசுபிசுக்க, முள் தோலோடு கிடந்தது. பக்கத்தில் ஆட்டுப் படம் போட்ட பாக்கெட். பச்சைப் புள்ளியின் மேல் விரலை வைத்துக் காட்டினேன்.

அவர் குனிந்து பலாக்காயைத் தொட்டுப் பார்த்தார். விரலில் பால் ஒட்டியது. சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆனா நான் கறின்னு நெனச்சித்தானேம்மா தின்னேன்."

நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நானும் கறின்னு நெனச்சித்தாங்க சமைச்சேன்," என்றேன். மாவுக்கோழிக் கதையைச் சொன்னேன். நடுத்தண்டை எலும்பாக விட்டதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. உங்கள் மனசு நோகக் கூடாது என்ற பயத்தில்தான் செய்தேன் என்று சொன்னேன்.

அவர் விரலில் ஒட்டியிருந்த பாலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"நான் சர்ச்சு சாமியார் கிட்ட போய் பாவசங்கீர்த்தனத்துல என் பாவத்தச் சொல்லிடுவேன். நீங்க யாராண்ட சொல்வீங்க?"

"உங்ககிட்ட சொல்லிட்டேனே," என்றேன்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இன்னும் சாப்புடலதானே நீங்க? இலய எடுங்க," என்றார். நான் எழுந்திருப்பதற்குள் அடுப்பு மேலிருந்த பாத்திரத்தில் கரண்டியை விட்டுவிட்டார். கறி சமைக்கும் கை எங்கள் அடுப்படிப் பாத்திரத்தைத் தொடுவது அதுதான் முதல் தடவை. என் உடம்பு சுருங்கிவிடுமோ, அதை அவர் பார்த்துவிடுவாரோ என்று அன்றைக்குக் கடைசியாக ஒரு தடவை பயந்தேன். என் கை தானாக இலையை நகர்த்தி அவர் பக்கம் வைத்தது.

அவர் சோறு வைத்து, பள்ளம் பறித்து, அந்தக் குழம்பை ஊற்றினார். தண்டோடு இருந்த பெரிய துண்டாகத் தேடி எடுத்து மேலே வைத்தார்.

"பயப்படாம சாப்புடுங்க சம்பந்தி," என்றார். "பலாக்காதான்."