தெருவைப் பார்த்த ஸ்பீக்கர்

பத்தாவது வரைக்கும்தான் படித்தேன். நாலு பேர் கூடியிருந்தால் கேட்ட கேள்விக்கே எனக்குப் பதில் வராது. அப்படிப்பட்டவன் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். வாயில் வராதது கையிலாவது வருகிறதா என்று பார்க்கிறேன்.

போன வருஷம் காது டாக்டர், என் வலது காது மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது என்றார். பக்கத்து வீட்டு விசைத்தறிக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். காது இருக்கும்போதே, பாடினவர் பாடினபடி பாட்டைக் கேட்டுவிட வேண்டும் என்று ஆசை வந்தது. பாட்டுப் பதிவு செய்கிற இடங்களில் வைக்கிற ஸ்டுடியோ மானிட்டர் ஸ்பீக்கரில் அப்படிக் கேட்கலாம் என்று போனில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஆரணியில் புடவை எடுக்க யாரும் தனியாகப் போவதில்லை. ஸ்பீக்கருக்கும் அதே சட்டம். வேலூர் கடைக்கு நான், மனைவி, அவளுடைய அண்ணன், அவர் மனைவி, அந்தம்மாவின் தங்கை என்று ஐந்து பேர் போனோம். மச்சான் பட்டு வியாபாரி. உலகத்தில் எந்தப் பொருளும் அவருக்குப் புடவைதான்.

கடைக்காரர் ஒரு சின்ன ஜோடியும் ஒரு பெரிய ஜோடியும் எடுத்து வைத்தார்.

"இன்னும் இறக்குங்க, பாக்கலாம்" என்றார் மச்சானின் மனைவி.

அலமாரி காலியாகும்வரை இறக்கவைத்து, முதலில் வைத்த இரண்டுக்கே திரும்பினோம். வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிப்போய் நிறம்கூடப் பார்த்தார்கள்.

"இது எதையும் சேத்துக் குடுக்காது சார். பதிவுல இருக்கறது அப்படியே வரும்" என்றார் கடைக்காரர்.

"ஒன்னும் சேக்கலன்னா எதுக்குங்க இவ்ளோ விலை?" என்ற மச்சான், புடவையின் உள்பக்கம் பார்ப்பதுபோல் ஸ்பீக்கரைத் திருப்பிப் பார்த்தார். கையில் தூக்கி எடை பார்த்தார். "பெருசுதான் மாப்ளே. கனம் இருந்தாதான் சரிகை."

கடைக்காரர் இரண்டிலும் ஒரே பாட்டைப் போட்டார். சின்னதில், பாடகி அடுத்த வரிக்கு மூச்சு இழுத்தது எனக்குக் கேட்டது. பெரியதில் தாளம் அதை மூடிவிட்டது. தறிச் சத்தத்தை வைத்தே இழை அறுந்ததைச் சொல்கிறவன் நான். அங்கே வாயைத் திறக்கவில்லை. "புடிச்சிருக்கா மாப்ளே?" என்றதும் தலையை ஆட்டினேன். ஆட்டின தலைக்குப் பில் போட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மச்சான் இரண்டு ஸ்பீக்கருக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, தெருவைப் பார்த்தமாதிரி ஜன்னலில் நிறுத்தினார்.

"அந்தப் பக்கம் ஏன் மச்சான்?"

"வாங்கனது நாலு பேருக்குத் தெரிய வேணாவா?"

எதிர்வீட்டு அம்மா, "இன்னா விசேஷம்?" என்று ஓடிவந்தார். மச்சானுக்கு முகமெல்லாம் பூரிப்பு. தெருவே பாட்டுக் கேட்டது. நான் ஸ்பீக்கரின் முதுகைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கேட்டது பக்கத்து வீட்டு விசைத்தறி.

எழுந்துபோய் பாட்டை நிறுத்தினேன்.

"எனக்குக் கேக்கணும் மச்சான். சின்னதுலதான் கேட்டுது."

மனைவிதான், "இத்த கடையிலயே சொல்றதுக்கு இன்னாங்க? இவ்ளோ தூரம் தூக்கிகினு வந்திருப்பமா?" என்றாள். மச்சான், "கனம் தெரியாதவரு" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

மறுநாள் நான் மட்டும் பஸ் ஏறிப் போய், பெரியதைக் கொடுத்துவிட்டுச் சின்னதை வாங்கி வந்தேன். தோள் வலித்தது. பெரியது கனம்தான்.