ஒரு பிடி சோறும் ஆயர் குரோ பள்ளிக்கூடமும்

தம்பி சின்னராசு, உன் பேரைச் சொல்லித்தான் தொடங்குகிறேன். நீ செத்து ஒன்றரை வருஷமாக நம் லயத்தில் யாரும் உன் பேரைச் சத்தமாகச் சொல்வதில்லை. நான் உனக்காக ஆயர் குரோ வரை போய் வந்தேன். உன்னைத் தெரியாதவர்களும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். மூன்றாவதோடு நின்றவள் நான். தப்பு இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

காலை ஆறு மணி. மலாயாவில் சிம்பாங் அம்பாட் பக்கம் எங்கள் ரப்பர் எஸ்டேட். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கிற லயத்தைச் சுற்றி முள்வேலி, ஒரே ஒரு கேட். பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கப் போகிறவர்களின் வாளி, முந்தானை, கொண்டை வரை தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். அரிசியோ சோறோ கேட்டைத் தாண்டக் கூடாது. காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம்.

பக்கத்து வீட்டு ராக்கம்மா அக்கா கேட் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றார்.

“என்னடி காமாட்சி, இன்னிக்கு வேலைக்குப் பேர் போடலையா?”

“மலாக்காவுக்குப் போறேன்க்கா. வாத்தியார் லெட்டர் போட்டிருந்தாரு.”

“அங்க போயி வாய விட்றாதலா. உன்னையும் கப்பல் ஏத்தி ஊருக்கு அனுப்பிருவாங்க.”

வாத்தியார் முன்பு எங்கள் எஸ்டேட்டில் இருந்தவர். தம்பிக்கு ஆறாவது வரை பாடம் சொன்னவர். இப்போது ஆயர் குரோவில் ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார். ‘இங்கே சோற்றுச் சோதனையை நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகளுக்கு எல்லாம் விளையாட்டாகப் போய்விட்டது. நடந்ததைப் பட்டவர் வாயால் கேட்கட்டும். முடிந்தால் வாம்மா’ என்று எழுதியிருந்தார். அந்த லெட்டரை இரண்டு மாசம் பாய்க்கடியில் வைத்திருந்தேன்.

ஏழேகால் பஸ். மலாக்கா டவுனுக்கு எண்பது காசு. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் மரங்களை வெட்டித் தள்ளியிருந்தார்கள், யாரும் ஒளிந்து சுடக் கூடாதென்று. அலோர் காஜாவுக்கு முன்னால் ரோட்டை மறித்திருந்தார்கள். எல்லாரும் இறங்கி அடையாளக் கார்டைக் காட்டினோம். ஒரு சீனக் கிழவரின் மிட்டாய்ப் பொட்டலத்தைக்கூடப் பிரித்துப் பார்த்தார்கள். அலோர் காஜா தாண்டிச் சில மைல் போனதும் கண்டக்டர் கால்களை நீட்டி உட்கார்ந்தார்.

“இனிமே வெள்ளை ஏரியா தங்கச்சி, சோதனை கெடையாது. மூச்சு விட்டுக்கலாம்.”

ஒன்பது மணிக்கு மலாக்கா. பஸ் நிற்கிற இடத்தில் ஒரு மலாய்க்கார அம்மா நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றைக் கட்டி விற்றுக்கொண்டிருந்தார். ஒருவர் சோற்றுப் பொட்டலத்தை வாங்கிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு நடந்து போனார். போலீஸ்காரர் பக்கத்திலேயே நின்றார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்துக் காசுக்குக் கோப்பி வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த பஸ் ஏறினேன். ஆயர் குரோவில் இறங்கி மண் ரோட்டில் ஒன்றரை மைல் நடை.

பள்ளிக்கூடம் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரே அறை. வாசலில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ரப்பர் இலையில் மண்ணைப் பொதிந்து ஒளித்துக்கொண்டு ஓடினான். மற்றவர்கள் குச்சியை நீட்டி, “சோறு கொடுக்கிறவன் ஓடுறான், சுடுடா!” என்றார்கள். அவன் விழுந்தான். எல்லாரும் சிரித்தார்கள். விழுந்தவனும் சிரித்தான்.

திரும்பிப் போய்விடலாமென்று நினைத்தேன். வாத்தியார் பார்த்துவிட்டார்.

பதினொன்றரைக்குப் பிள்ளைகள் முன்னால் நின்றேன். முப்பது பேர் இருப்பார்கள். “இவங்க தம்பியத்தான் சோறு கொண்டுபோனான்னு சுட்டாங்க” என்று வாத்தியார் சொன்னார். விழுந்த அந்தப் பையனே கேட்டான்:

“அக்கா, உங்க தம்பி காட்டுக்காரங்களுக்குச் சோறு கொடுத்தாரா?”

“இல்லப்பா. எங்க அப்பாவுக்குக் கொடுக்கப் போனான்.”

“அப்பா காட்டுல இருந்தாரா?”

“அப்பா செத்துப் போயிட்டாரு.”

பிறகு எல்லாம் வந்துவிட்டது. அப்பாவைப் பழைய லயத்துக்குப் பின்னால் புதைத்திருந்தோம். அதற்கப்புறம்தான் எங்களை முள்வேலிக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். பழைய லயத்துப் பக்கம் யாரும் போகக் கூடாது என்று உத்தரவு. அப்பா திதி வந்தது. வேலிக்குள்ளேயே காக்காய்க்குச் சோறு வைத்திருக்கலாம். அப்பா கிடக்கிற இடத்தில் வைக்காவிட்டால் அவருக்குப் போய்ச் சேராது என்று எனக்கு ஒரு நினைப்பு. ஒரு பிடிதானே, படையல்தானே, சாமிச் சோற்றை யார் அரிசிக் கணக்கில் சேர்ப்பார்கள் என்றும் நினைத்தேன். நான்தான் பொங்கினேன். நான்தான் இலையில் கட்டினேன். தம்பியின் வாளிக்குள் போட்டு அதன்மேல் பால் பிடிக்கிற மங்குகளை அடுக்கியதும் நான்தான். தம்பி, “வேணாங்க்கா” என்று ஒரு தரம் சொன்னான். “அப்பனுக்கு ஒரு பிடி சோறு வைக்க உனக்குப் பயமா?” என்று கேட்டுவிட்டேன்.

அன்றைக்குக் கேட்டில் வாளியைக் கிளறவில்லை. பழைய லயத்தில் ரோந்து வந்த சிப்பாய்கள் அவனைக் கண்டார்கள். அவன் ஓடினானாம். சுட்டுவிட்டார்கள்.

எஸ்டேட் ஆபீசில் போலீஸ்காரர்கள் அந்த இலையை என் முன்னால் வைத்து, “இதை யார் கட்டிக் கொடுத்தது?” என்று கேட்டார்கள். “எனக்குத் தெரியாது” என்றேன். என்னையும் பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பயம். ‘காட்டுக்காரர்களுக்குச் சோறு கொண்டுபோனவன்’ என்ற பேர் அவன்மேல் அப்படித்தான் விழுந்தது. காரியத்துக்குக்கூட லயத்திலிருந்து யாரும் வரவில்லை.

இதை நான் முதல்முதலாகச் சொன்னது அந்தப் பிள்ளைகளிடம்தான். ஓரத்திலிருந்த ஒரு சின்னப் பெண் கேட்டாள்:

“அந்தச் சோத்தைக் காக்கா சாப்பிட்டுச்சாக்கா?”

“தெரியாதும்மா” என்றேன். இந்தத் தரம் நிஜமாகவே தெரியாது.

பன்னிரண்டரைக்குப் பிள்ளைகள் சாப்பாட்டு டின்னைத் திறந்தார்கள். கிளம்பும்போது அந்தச் சின்னப் பெண் ஓடி வந்து என் கையில் ஒரு இலைப் பொட்டலத்தை வைத்தாள். “அண்ணனுக்கு வைங்கக்கா.” தன் டின்னிலிருந்து எடுத்தது. விழுந்து விளையாடிய பையன் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றான்.

திரும்பும்போது காலையில் வந்த அதே பஸ், அதே கண்டக்டர். மூன்றரைக்கு மலாக்காவில் ஏறினேன். வெள்ளை ஏரியா முடிகிற இடம் நெருங்கும்போதுதான் அவர் பொட்டலத்தைப் பார்த்தார்.

“கையில என்ன தங்கச்சி?”

“சோறுண்ணே.”

“அடிப்பாவி! இன்னும் அரை மைல்தான், அப்புறம் கறுப்பு ஏரியா. பிடிச்சா உன்னோட சேத்து என்னையும்ல உள்ள தள்ளுவான். ஜன்னல் வழியா வீசிரு.”

“வீச முடியாதுண்ணே. அது செத்துப்போன என் தம்பிக்கு.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு மணிக் கயிற்றை இழுத்தார். “சீக்கிரம் வெச்சிட்டு வா.”

ரோட்டோரத்தில் மைல் கல் ஒன்று இருந்தது. அதன்மேல் இலையைப் பிரித்து வைத்தேன். “சின்னராசு, வா” என்று சத்தமாகக் கூப்பிட்டேன். ஒன்றரை வருஷத்தில் முதல் தடவை. பஸ்ஸுக்குள்ளிருந்து எல்லாரும் பார்த்தார்கள், யாரும் அவசரப்படுத்தவில்லை. காக்காய் வரவில்லை. கடைசியில் டிரைவர் ஹாரன் அடித்தார். பின் ஜன்னலில் வளைவு வரும்வரை பார்த்துக்கொண்டே போனேன்.

ஆறு மணிக்கு எங்கள் கேட். வழக்கம்போல் என் கையை விரிக்கச் சொன்னார்கள். விரித்தேன். வெறும் கை. அந்தப் பிள்ளைகள் இருக்கிற இடம் இங்கிருந்து முப்பது மைல்கூட இருக்காது.

இதைப் படிக்கிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, இன்றைக்குச் சோற்றில் கை வைக்கும் முன்னால் என் தம்பி சின்னராசு பேரைச் சொல்லி ஒரு தரம் வேண்டிக்கொள்ளுங்கள். அவன் அப்பாவுக்குச் சோறு வைக்கப் போனவன். அனுப்பியது நான்.