குழம்பின்மேல் சந்தேகம்

அப்பா வீட்டுச் செலவைப் பாதியாகக் குறைத்த பிறகுதான் எங்கள் வீட்டுச் சாப்பாடு ருசிக்க ஆரம்பித்தது. வம்பே அதில்தான் வந்தது.

ஐம்பதுகளின் நடுவில் நாங்கள் மத்திகிரியில் வாடகைக்கு இருந்தோம். அங்கே இருந்த மாட்டுப் பண்ணையில் அப்பா குமாஸ்தா. ஒரே கூரையின் கீழ் வரிசையாக மூன்று வீடுகள், பின்னால் பொதுவாக ஒரு கொல்லை. முதல் வீடு எங்களுடையது. நடு வீட்டில் தெலுங்கு பேசுகிற ஒரு அக்காவும் அவள் புருஷனும் இருந்தார்கள். கோடி வீட்டில் சந்தை சந்தையாகப் போய் ஜவுளி விற்கும் ஒரு பாயும் அவர் மனைவியும். அந்த அம்மாவை நான் கோடி வீட்டம்மா என்றுதான் கூப்பிடுவேன்.

கல்லாவியில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. பெரியப்பா அங்கே கிணற்றை ஆழப்படுத்தப் போக, அடியில் பாறை வந்துவிட்டது. வெடி வைக்க வேண்டும், உன் பங்கை அனுப்பு என்று அவர் ஆள்மேல் ஆள் சொல்லியனுப்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவையும் என்னையும் எதிரில் உட்கார வைத்துக்கொண்டு சட்டத்தை அறிவித்தார்.

"பண்ணையில சீமைப் பசுவுக்கே அளந்துதான் போடறோம். எதுவும் இளைச்சுப் போயிடல. நமக்கு மட்டும் என்னாத்துக்கு அளவில்லாம? இனிமே எல்லாம் பாதிதான். பருப்பு, எண்ணெய், வெறகு, எல்லாம்."

அம்மா சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்து அப்பா பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தார். அம்மாவோ "சரிங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அவருக்கு முதல் சந்தேகம் அந்த "சரிங்க"விலேயே விழுந்தது என்று நினைக்கிறேன். அம்மா அவ்வளவு சுலபமாக எதற்கும் சரி சொல்கிறவள் அல்ல.

கொஞ்ச நாள் சட்டப்படியே நடந்தது. குழம்பில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது. களியை விழுங்கிவிட்டு அப்பா திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு ஒருநாள் கத்தரிக்காய்க் குழம்பு கெட்டியாக வந்தது. மறுநாள் பூண்டு தட்டிப்போட்ட கீரை. அதற்கடுத்து கொள்ளுச்சாறு, மிளகு தூக்கலாக. அப்பா களி உருண்டையைக் குழம்பில் தோய்த்தபடியே அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். விழுங்கினார். மறுபடி பார்த்தார்.

"ஏது இவ்வளவு பருப்பு?"

"நீங்க வாங்கியாந்ததுதாங்க."

மறுநாளே விசாரணை தொடங்கிவிட்டது. மளிகைக் கடையில் போய் அம்மா கடன் சொல்லி ஏதாவது வாங்கினாளா என்று நாசூக்காகக் கேட்டார். இல்லை. சாப்பிடும்போது அம்மாவின் காதையும் கழுத்தையும் கவனித்தார். தோடும் இருந்தது, தாலிக்கொடியும் இருந்தது. பரண்மேல் இருந்த பித்தளை அண்டாவைக்கூட ஏறிப் பார்த்தார். அதுவும் தூசியோடு அங்கேயே இருந்தது. ஆனால் அவரை நிலைகுலைய வைத்தது விறகுதான். அவர் பாதிதான் வாங்கிப் போட்டிருந்தார், அதிலும் பாதி அப்படியே கிடந்தது.

"எரிக்கிற வெறகு எப்படிடி மிச்சமாகும்?"

"நல்லா காஞ்ச வெறகுங்க. நின்னு எரியுது."

கணக்கிலேயே ஊறிய மனிதருக்கு அந்தப் பதில் எப்படிப் போதும்? அதற்கப்புறம் ஒவ்வொரு கவளத்தையும் நாக்கில் வைத்துச் சோதித்துவிட்டுத்தான் விழுங்கினார். ருசித்துச் சாப்பிடுகிற ஒருவர் முகத்தில் அவ்வளவு துக்கத்தை நான் அதற்குப் பிறகு யாரிடமும் பார்த்ததில்லை.

ஒருநாள் பள்ளிக்கூடம் போகும் வழியில் கூடவே வந்து எனக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். செலவைக் குறைத்தவர் மிட்டாய் வாங்கித் தருகிறாரே என்று இப்போது எனக்குச் சந்தேகம் வந்தது.

"பாப்பா, நான் வேலைக்குப் போனப்புறம் அம்மா எங்கயாச்சும் போறாளா?"

"இல்லப்பா."

"யாராச்சும் நம்ம வீட்டுக்கு வர்றாங்களா?"

"இல்லப்பா."

நான் சொன்னதில் பொய் இல்லை. அம்மா எங்கும் போகவில்லை, யாரும் வரவுமில்லை. போய் வந்துகொண்டிருந்தது நான்தான். என்னைப் பற்றி அப்பா கேட்கவில்லை.

நடந்தது இதுதான். அப்பா சட்டம் போட்ட சில நாளிலேயே, கொல்லையில் துணி துவைத்துக்கொண்டே மூன்று பெண்களும் பேசி முடிவு செய்துவிட்டார்கள். களியோ சோறோ அவரவர் வீட்டில். குழம்பு மட்டும் மூன்று வீட்டுக்குமாக ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், முறைவைத்து. பாய் சந்தை கலையும் நேரத்தில் மூன்று வீட்டுக்கும் சேர்த்துக் காய் வாங்கி வருவார், மலிவாக. குழம்புப் பாத்திரத்தைத் துண்டால் மூடிக் கொல்லை வழியாக வீட்டுக்கு வீடு கொண்டுபோவது என் வேலை. கொட்டாமல் நடப்பேன் என்று எனக்குப் பெயர் இருந்தது.

"அப்பா காதுக்குப் போவக்கூடாது கண்ணு," என்று அம்மா ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தாள். காரணம் எனக்கும் தெரியும். எங்கள் வீட்டில் கறி, மீன் என்று எந்தக் கவிச்சியும் கிடையாது. அப்பா வெளியே யார் வீட்டிலும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். கல்லாவிக்குப் பஸ்ஸில் போனால் ஊர் போய்ச் சேரும்வரை தொண்டை வறண்டுதான் உட்கார்ந்திருப்பார். தெரிந்தால் என்ன நடக்கும் என்பது அம்மாவுக்குத் தெரியும். கோபம் வந்தால் எங்களைக் கல்லாவியில் கொண்டுபோய் விட்டுவிடுவேன் என்று அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

மார்கழிக் குளிரில் அவரைக்காய் வந்து குவிந்தது. கொட்டையை ஊறப்போட்டு ஒவ்வொன்றாகத் தோலைப் பிதுக்கி எடுத்து வைக்கும் பிதுக்கம்பருப்புக் குழம்பு, ஒருத்தியால் ஆகிற காரியமில்லை. மூவரும் கொல்லை வெயிலில் உட்கார்ந்து பிதுக்கினார்கள். அன்றைக்கு முறை கோடி வீடு. எனக்குப் பள்ளிக்கூட விடுமுறை. மத்தியானம் நான் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுப் பின்வாசல் படியிறங்கியபோது எதிரே அப்பா நின்றார்.

பண்ணையிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தார். வாசல் வழியாக இல்லாமல் கொல்லை வழியாக.

"என்னா இது?"

அவரே துண்டை விலக்கி மூடியைத் திறந்தார். ஆவி அவர் மூக்குக் கண்ணாடியில் படிந்தது. அதைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, குழம்பைப் பார்த்தார், கோடி வீட்டுக் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டுப் பின்வாசலில் அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடு வீட்டக்கா "அய்யோ தேவுடா" என்று உள்ளே போய்விட்டாள்.

கோடி வீட்டம்மா அந்நிய ஆண்கள் எதிரில் வருகிறவர் அல்ல. கதவில் தொங்கிய சாக்குத் திரைக்குப் பின்னாலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

"அண்ணே, புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க. கொழம்பு ஆக்குனது புதுச் சட்டி. உங்களுக்குன்னே தனியா வாங்கினது. அதுல கவிச்சி ஆக்குனதே இல்ல. சந்தேகமா இருந்தா வந்து பாருங்க."

அப்பா போய்ப் பார்க்கவில்லை. நின்ற இடத்திலேயே விரல்களை மடக்கினார். எத்தனை நாளாக இது நடக்கிறது, எத்தனை கவளம் உள்ளே போயிருக்கிறது என்று கணக்குப் போட்டிருப்பார். பிறகு என் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிக்கொண்டார்.

"சுடுது. மேல ஊத்திக்குவே," என்றார்.

வீட்டுக்குள் வந்து பாத்திரத்தை அடுப்பருகே வைத்துவிட்டுக் கைகால் கழுவினார். "தட்டப் போடு," என்றார். அம்மா களியைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். அப்பா சாப்பிட்டார். இரண்டாவது முறை தட்டை நீட்டினார். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவினார். சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

அவர் கத்தியிருந்தால் எனக்குப் பயம் தெளிந்திருக்கும். பேசாமல் இருந்ததுதான் சந்தேகமாக இருந்தது. ஏதோ பெரிதாகத் திட்டம் போடுகிறார் என்று அவரை உளவு பார்த்தேன். கல்லாவிக்குப் பஸ் ஏற்றிவிடுவார் என்று என் பாவாடை சட்டைகளைக்கூட ஒரு பையில் எடுத்து வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் அப்பா பருப்பை வழக்கத்தைவிடக் கூடுதலாக வாங்கி வந்தார். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. குழம்பு முன்போலவே கொல்லை வழியாக வந்து போனது.

தை பிறந்ததும் கிணற்றுப் பங்கை வாங்கிக்கொள்ளப் பெரியப்பா வந்தார். அன்றைக்கும் பிதுக்கம்பருப்புக் குழம்புதான், அன்றைக்கும் கோடி வீட்டு முறைதான். அம்மா பரிமாறும்போது அப்பாவின் முகத்தையே பார்த்தாள். பெரியப்பா இரண்டு உருண்டை விழுங்கிவிட்டுக் கண்ணை இடுக்கினார்.

"பணமில்லன்னு மூக்கால அழுதே. சாப்பாடு கல்யாண வீடாட்டம் இருக்குதே. இது நம்ம பக்கத்துக் கைப்பக்குவமும் இல்லையே. ஆரு ஆக்குனது?"

அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அப்பா தலை நிமிராமல் களியை உருட்டிக்கொண்டே சொன்னார்.

"வேற ஆரு? எல்லாம் நம்ம வீட்டுப் பொம்பளைங்க ஆக்குனதுதான்."

அம்மா சட்டென்று திரும்பி அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். புகைதான் காரணம் என்று எண்ணினேன், அடுப்பு எரியவில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. நான் யோசித்துக்கொண்டிருந்தது வேறு. எங்கள் வீட்டில் ஆக்குகிற பொம்பளை அம்மா ஒருத்திதானே, அப்பா ஏன் "பொம்பளைங்க" என்கிறார்? கொஞ்சம் யோசித்ததும் விளங்கிவிட்டது. தினமும் பாத்திரம் தூக்குகிற என்னையும் அவர் சேர்த்துக்கொண்டிருக்கிறார். பெரியப்பா பார்க்கட்டும் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.