பிலோமினா டீச்சரின் பால் மணி

செய்தி வந்தபோது நான் மோர் கடைந்துகொண்டிருந்தேன். சாந்தோமிலிருந்து சைக்கிளில் வந்த பள்ளிக்கூடத்துப் பியூன் மாணிக்கம் வாசலிலேயே நின்றுகொண்டு, "பிலோமினா டீச்சர் காலைல பூசைக்குக் கெளம்பிக்கினு இருந்தாங்களாம்மா. நாற்காலில குந்தினாங்களாம். அவ்ளோதான்" என்றான். மத்தை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அழுகை உடனே வரவில்லை. பூசைக்கு ஒருநாளும் தாமதமாகப் போகாதவர் இன்று போகாமலே இருந்துவிட்டாரே என்றுதான் முதலில் தோன்றியது. அதைக் கேட்டால் அவரே சிரித்திருப்பார்.

அவரிடம் சயன்ஸ் படித்தவர்கள் இந்த மயிலாப்பூரில் தெருவுக்கு நாலு பேராவது இருப்பீர்கள். அவர் கரும்பலகையில் போட்ட படங்களைப் பற்றியும், சாக்கட்டிப் பொடி படிந்த மூக்குக் கண்ணாடியைப் பற்றியும் இந்த நினைவு மலரில் நீங்கள் எழுதுவீர்கள். நான் எழுதப்போவது ஒரு தகரப் பாத்திரத்தைப் பற்றி. அதே பள்ளியில் தமிழ் நடத்திய எனக்கும் அவருக்கும் அதற்கு முன்னால் சிநேகம் என்று ஒன்றும் கிடையாது. ஆசிரியைகள் அறையில் மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த ஒரே நாற்காலிக்காக வருஷக் கணக்கில் பேச்சில்லாமல் சண்டை போட்டவர்கள் நாங்கள்.

உலகத்தில் நிஜமான சண்டை நடந்துகொண்டிருந்த சமயத்தில் என் மகள் வசந்தா பிறந்தாள். பிறந்த கையோடு எனக்கு டைபாய்டு. பிழைத்து எழுந்தபோது பால் வற்றிப்போயிருந்தது. பசும்பாலைப் புட்டியில் ஊற்றி, வெந்நீர்ச் சட்டியில் வைத்துச் சூடாக்கிக் கொடுப்பது என் கணவரின் வேலை. நல்ல மனிதர், ஆனால் அடுப்பங்கரை அவருக்கு அந்நிய தேசம். ஒருநாள் புட்டியின் மேலே இருந்த பால் வெதுவெதுப்பாக இருக்கிறதென்று நம்பிக் கொடுத்துவிட்டார். அடியிலிருந்த பால் கொதித்துக்கொண்டிருந்தது. குழந்தையின் உதடு கொப்பளித்துவிட்டது. புண் ஆறியது, பயம் ஆறவில்லை. அதற்குப் பிறகு புட்டியைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொண்டு வீறிட்டாள். சங்கால் புகட்டினால் பாதி வெளியே வரும். ராயப்பேட்டை டாக்டர் அவளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் இப்படி இளைத்தால் தாங்காது என்று சொல்லிவிட்டார்.

பார்க்க வந்த ஆசிரியைகள் எல்லோரும் ஆரஞ்சுப் பழம் கொடுத்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். பிலோமினா மட்டும் கைப்பையைக் கூட இறக்காமல் நேரே அடுப்பங்கரைக்குப் போய் அந்தச் சட்டியைப் பார்த்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார். "இந்த ராஜாத்திக்குப் பசி இல்லாம இல்ல, ஜானகி டீச்சர். பயம். ஒரே மாதிரி சூடு, தினமும் குடுத்துப் பாருங்க. பயம் தானா போயிடும்" என்றார்.

மறுநாள் இருவரும் ரிக்‌ஷாவில் ராயப்பேட்டைத் தகரக் கடைக்குப் போனோம். கடைக்காரரிடம் அவர் தரையில் சாக்கட்டியால் படம் போட்டுக் காட்டினார். உயரமான பாத்திரம். அடியில் படாமல் புட்டி நிற்க, இட்லித் தட்டு மாதிரி ஓட்டை போட்ட தட்டு. புட்டியின் கழுத்து வரை சுற்றிலும் தண்ணீர். ஓரமாக, அடிப்பக்கம் மூடிய ஒரு சின்னக் குழாய். அதற்குள் உருக்கி உறையவைத்த மெழுகு. மெழுகில் ஒரு நூலின் நுனி புதைந்திருக்கும். மறுநுனியில் மணி பாத்திரத்துக்கு வெளியே தொங்கும். தண்ணீர் வேண்டிய சூட்டுக்கு வந்ததும் மெழுகு இளகும், நூல் விடுபடும், மணி கீழே வைத்த வேறொரு தட்டில் விழுந்து கூப்பிடும். உடனே புட்டியை எடுத்துவிட வேண்டியது.

"இன்னா டீச்சரம்மா இது? இட்லி குண்டானா, கோயில் மணியா? ரெண்டையும் ஒண்ணா கேக்கறியே!" என்றார் கடைக்காரர்.

"ரெண்டுந்தான் நைனா. சீக்கிரம் அடிச்சுக் குடு. ஒரு கொழந்த பட்டினி கீது" என்றார் பிலோமினா. வகுப்பில் இலக்கணச் சுத்தமாகப் பேசுகிறவர் வாயில் 'கீது' வந்ததும் எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. காய்ச்சலில் விழுந்ததிலிருந்து நான் சிரித்தது அன்றுதான்.

பாத்திரம் வந்தது. மெழுகில்தான் வம்பு வந்தது. "கடை மெழுகுவத்தில மாட்டுக் கொழுப்பு கலக்கறான்னு ஆபீஸ்ல எல்லாரும் சொல்லிண்டிருக்கா. அதைப் போய்க் கொழந்தை பாலுக்குப் பக்கத்துல வைக்கறதாவது!" என்றார் என் கணவர்.

பிலோமினா கொஞ்சமும் கோபப்படவில்லை. "அவ்வளவுதானே சார்? மெழுகுத் திருநாள்ல எங்க கோயில்ல மந்திரிச்சுக் குடுத்த வத்தி வீட்டுல இருக்கு. சுத்தத் தேன்மெழுகு" என்றார். ஆசாரமும் பிழைத்தது, வேதமும் பிழைத்தது என்று எல்லோருக்கும் பரம திருப்தி.

கும்முட்டி அடுப்பில் பாத்திரத்தை ஏற்றிவிட்டுக் காத்திருந்தோம். கடைசியில் மணி விழுந்தது. என் கணவர் கை தட்டினார். பிலோமினா புட்டியை எடுத்து நன்றாகக் குலுக்கி, தன் மணிக்கட்டில் கொஞ்சம் விட்டுப் பார்த்தார். "ஸ்ஸ்" என்று கையை உதறினார். அந்த இடம் சிவந்துவிட்டது. என் மடியில் குழந்தை பசியில் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. அந்தப் பால் அவள் வாய்க்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்ததும் அவளை இறுக அணைத்துக்கொண்டேன். "போறும் டீச்சர். இனிமே இவ குடிக்கவே மாட்டா" என்று ஓவென்று அழுதேன்.

அவரோ மணிக்கட்டை ஊதிக்கொண்டே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "மணி மேல தப்பில்ல, ஜானகி டீச்சர். புத்தி எனக்குத்தான் இல்ல. சுத்தத் தேன்மெழுகு லேசில இளகாது. எங்க சாமியார் மாதிரி! கடை மெழுகுன்னா முன்னாடியே இளகியிருக்கும்."

கடை மெழுகு என்றதும் இருவரும் என் கணவரைப் பார்த்தோம். நான்தான் வாயைத் திறந்தேன். "கொழுப்பிருந்தா இருந்துட்டுப் போகட்டும். குழாய் மூடித்தானே இருக்கு? என் கொழந்தை வாய் வேகாம இருந்தா அதுதான் எனக்கு ஆசாரம்." கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு போய், தெருமுனைக் கடையிலிருந்து ஒரு கட்டு மெழுகுவர்த்தி வாங்கி வந்தார்.

அந்தச் சனிக்கிழமை, பள்ளிக்கு இருந்த ஒரே தெர்மாமீட்டரைத் தலைமையாசிரியையிடம் கெஞ்சி வாங்கிவந்தார் பிலோமினா. கடை மெழுகோடு தேங்காயெண்ணெயைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, எந்தச் சூட்டில் இளகுகிறது என்று திரும்பத் திரும்பப் பார்த்தார். எண்ணெய் கூடினால் மெழுகு சீக்கிரமே இளகிவிடும், குறைந்தால் மணி பிந்தும். பக்குவம் வந்ததும் மந்திரித்த வத்தியிலிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளி அதில் போட்டார். "சயன்ஸுக்குக் கடை மெழுகு. எனக்கு இது" என்றார். என் கணவர் சும்மா இருப்பாரா? விபூதியை எடுத்துவந்து பாத்திரத்துக்குப் பட்டை போட்டுவிட்டார்.

மணி விழுந்தது. புட்டியைக் குலுக்கி, முதல் துளியைச் சிவப்பு மாறாத அதே மணிக்கட்டில் விட்டார். "முதல் துளி எனக்கு. மிச்சம் ராஜாத்திக்கு" என்று குழந்தையிடம் சொன்னார். அவள் வாயை இறுக்கிக்கொண்டாள். அவர் வற்புறுத்தவில்லை. ஒரு துளியை அவள் உதட்டில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். நாக்கு மெல்ல வெளியே வந்து நக்கிப் பார்த்தது. இன்னொரு துளி வைத்தார். அப்புறம் அவர் கழுத்துச் சங்கிலியை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, மடக் மடக்கென்று புட்டி காலியாகும்வரை குடித்தாள் என் பெண். எத்தனையோ கச்சேரி கேட்டிருக்கிறேன். அந்தச் சத்தத்துக்கு ஈடாக ஒன்றும் கேட்டதில்லை.

அந்தப் பாத்திரம் பிறகு எங்கள் தெருவில் பல குழந்தைகளை வளர்த்தது. கைக்குழந்தை இல்லாத காலத்தில் எங்கள் வீட்டுக் காப்பி டிகாக்ஷனைச் சூடாக வைத்திருந்தது. மணி விழுந்தால், "பிலோமினா கூப்பிடறா" என்பார் என் கணவர். பள்ளிக்கூட நாற்காலிச் சண்டையும் தலைகீழானது. நீங்கள் உட்காருங்கள், நீங்கள் உட்காருங்கள் என்று நாங்கள் உபசாரம் செய்துகொண்டிருந்ததில், டிராயிங் டீச்சர் அதைப் பிடித்துக்கொண்டார். இன்றுவரை விடவில்லை.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி, தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு அடுப்பங்கரையில் சாய்ந்து உட்கார்ந்தேன். என்னிடம் அவருடையது என்று என்ன இருக்கிறது? நசுங்கிய ஒரு தகரப் பாத்திரம், ஒரு மணி. அப்போதுதான் நிறுத்த முடியாமல் அழுதேன். அடுப்புப் பக்கம் மணி விழுந்த சத்தம் கேட்டது. கணவர் பாலை டம்ளரில் ஊற்றி வசந்தாவிடம் கொடுத்தார். இந்த வருஷம்தான் இரண்டாம் வகுப்புக்குப் போயிருக்கிறாள். நான் அவளுக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் பிலோமினா மாதிரியே செய்வதையும் சொல்வதையும் பார்த்தே பழகியவள். டம்ளரை லேசாகச் சாய்த்துத் தன் மணிக்கட்டில் ஒரு துளி விட்டுக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள்.

"முதல் துளி எனக்கு. மிச்சம் உனக்கு. குடிம்மா" என்றாள்.

வாங்கிக் குடித்தேன்.