மாதா படத்தின் கீழே ஒரு துப்பாக்கி

தங்காக் ஊரின் துணிக்கடைத் தெருவில் தையற்காரர் ஒருவர் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ரவிக்கைத் துணியை நீட்டிய என் கை அப்படியே நின்றுவிட்டது. அதே வாசனை. அப்பாவின் துப்பாக்கி வாசனை.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மலாயாவில், யோங் பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் அப்பா கங்காணி. இளங்கன்றுகளைக் காட்டுப்பன்றி கிண்டிப்போடுகிறது என்று பெரிய துரை அவருக்கு ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி கொடுத்திருந்தார். வீட்டில் அது மாதா படத்துக்குக் கீழே தொங்கியது. வேறு ஆணி இல்லை, அவ்வளவுதான். தோட்டா டப்பா பக்கத்துப் பலகையில் இருக்கும். துப்பாக்கியைக் காலியாகத்தான் மாட்டிவைப்பார்.

மாதம் ஒரு ஞாயிறு வெள்ளைக்காரச் சாமியார் பூசை வைக்க வருவார். அதற்கு முந்தின நாள் அப்பா எப்படியும் ஒரு பன்றியைச் சாய்த்துவிடுவார். தொடைக்கறி சாமியாருக்கு, மீதி கிறிஸ்தவக் கூலிகள் குடியிருந்த லயத்துக்கு.

“சாமி வந்தாத்தான் நமக்குக் கறி, பன்னிக்கு மோட்சம்” என்பாள் அத்தை. அப்பாவின் தங்கை. புருஷனைக் குளிர்காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு எங்களோடு இருந்தாள், ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போனாள். அந்த லயத்தில் அவளைப்போல் வாயாடியும் கிடையாது, அவளைப்போல் ஜெபமாலை உருட்டியவளும் கிடையாது.

பக்கத்துத் தோட்டத்தில் கொள்ளைக்காரர்கள் புகுந்த மாதம், பூசை முடிந்ததும் அப்பா கேட்டார்: “சாமி, ஆண்டவர் குடுத்த பத்துக் கற்பனைல அஞ்சாங் கற்பனை கொல்லாதேங்குது. வீட்டுக்குள்ள வந்துட்டா என்ன பண்றது?”

சாமியாரின் தமிழ் புத்தகத்திலிருந்து இறங்கிவந்த தமிழ். “உயிரையும் கற்பையும் காக்க வேறு வழி இல்லாதபோது, பகையின்றி ஆயுதம் எடுப்பது பாவமன்று. துரையின் ரப்பரைக் காக்க ஓர் உயிரை எடுத்தால், அது பாவம்.” அதை ஞானோபதேச வகுப்பில் எங்களுக்கு மனப்பாடம் செய்யவைத்தார். பிசகாமல் ஒப்பித்ததற்கு எனக்கு இறக்கை விரித்த ஒரு சம்மனசுப் படம் கிடைத்தது.

பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது. அப்பாவும் அம்மாவும் வேலைக்காட்டில். எனக்குக் கஞ்சி வைக்க அத்தை சீக்கிரம் திரும்பியிருந்தாள். நடுப்பகல். சின்ன துரையின் மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றது. அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, சிரித்தபடி, பலகைப் படியில் கால் வைத்தார். அப்பா இல்லை என்று சொல்லி அனுப்பவேண்டியதுதானே, இவளுக்கு ஏன் முகம் இப்படிச் சாம்பலாகிறது என்று நான் பாயில் கிடந்து பார்த்தேன்.

அத்தை துப்பாக்கியை எடுத்தாள். கை தோட்டா டப்பா வரை போனது. மூடியைத் தொட்டது. மாதா படத்தை ஒரு முறை பார்த்தாள். கை திரும்பிவிட்டது. வெறுந்துப்பாக்கியோடு வாசலை அடைத்து நின்றாள்.

“ஏய், கீழே போடு அது.”

“தொரை, இன்னொரு படி ஏறினா சுட்டுடுவேன். சர்வேசுரன் மேல ஆணை.”

குழல் நடுங்கவில்லை. துரை பின்பக்கமாகவே இறங்கினார். சாக்கடையில் ஒரு கால் விழுந்தது.

அடுத்த பூசைக்கு வந்த சாமியார் முதலில் பங்களாவில் தேநீர் குடித்துவிட்டு வந்தார். எங்கள் கோவில் ஒரு தகரக் கொட்டகை. அது நின்ற இடம் பெரிய துரை கொடுத்தது. பூசைக்குப் பிறகு அத்தையை நிறுத்திவைத்தார்கள். பங்களாவில் முடிவாகியிருந்தது: சின்ன துரையிடம் மன்னிப்பு, சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனம். இரண்டும் முடியாதென்றால் கப்பல். கடல் தாண்டினால் அவளுக்கு அங்கே ஒரு வீட்டுக் கதவும் இல்லை.

“அவர் உன்னைத் தொட்டாரா?”

“தொட்டதுக்கு அப்புறம் எதுக்குச் சாமி துப்பாக்கி?”

“உதவிக்குக் கூப்பிட்டிருக்கலாம்.”

“யாரை? கூப்பிட்டா வர்றது அவரு ஆளுங்கதானே. போன தடவ ஒரு பதில் சொல்லிக்கொடுத்தீங்களே, வேறு வழி இல்லாதப்போன்னு. அது ஆம்பளைங்களுக்கு மட்டுமா?”

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கொல்ல நினைத்ததும் ஐந்தாம் கற்பனைக்கு விரோதம், மகளே.”

“செய்யாத பாவத்தை நான் எப்படிச் சாமி சங்கீர்த்தனம் பண்றது?”

“மன்னிப்புக் கேட்டுடு தாயி” என்றார் அப்பா, தரையைப் பார்த்து. “ஒரு வார்த்தைதானே.”

“அந்த ஒரு வார்த்தைய அவரு சொல்லட்டுமே அண்ணே.”

துப்பாக்கியில் தோட்டா இல்லை. எனக்குத் தெரியுமே! “சாமி, அதுல வந்து…” என்று ஆரம்பித்தேன். அத்தையின் கை என் வாயைப் பொத்தியது. ரப்பர்ப்பால் நாறிய கை. மூச்சு முட்டும்வரை எடுக்கவில்லை.

கற்பனைகளை வரிசையாகச் சொல்லத் தெரிந்த எனக்கு இன்றுவரை ஆறாத வயிற்றெரிச்சல் இது. சர்வேசுரன்மேல் பொய்யாணை இட்டாள், அது இரண்டாங் கற்பனைக்கு விரோதம். அதைக் கேட்க ஆளில்லை. அவள் காப்பாற்றிய ஐந்தாங் கற்பனைக்காக அவளை நிறுத்தினார்கள்.

துப்பாக்கியை மட்டும் பெரிய துரை திரும்பக் கேட்கவில்லை. பன்றிகள் வருவது நிற்கவில்லையே. அன்றைக்கும் தொடைக்கறி வாழையிலையில் கட்டிச் சாமியாரின் வண்டியில் ஏறியது.

அந்த வாரமே லாரி வந்தது. சிங்கப்பூர் போய்க் கப்பலேறும் கூட்டத்தில் அத்தை மட்டும் அழாமல் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். அப்பா வரவில்லை. அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு தள்ளி நின்றாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் தீர்ந்திருக்கும், சாமியாரே அவளுக்கும் ஒரு சம்மனசுப் படம் கொடுத்திருப்பார் என்பது என் எண்ணம். லாரியின் பலகையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்: “நீ ஏன் அத்தே சொல்லல? என்னையும் ஏன் சொல்ல விடல?”

அவள் குனிந்து என் காதைப் பிடித்து இழுத்தாள். வலித்தது.

“அதுல தோட்டா இல்லேன்னு உங்கப்பாகிட்டகூடச் சொல்லிடாதடி. தொரைக்கு அந்தப் பயம் இருக்கட்டும். நான் போயிடுவேன். உங்கம்மா இங்கதான இருக்கணும். நீயும் வளந்துடுவே.”